ஒரு நாளில் இரு தடுப்பூசி: சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாற்றிலிருந்து

தடிமனையும் அதன்வழி வரும் காய்ச்சலையும் பெருநோயென மதிக்கும் வழக்கம் நம்மவரிடையே இருந்ததில்லை. வாந்திபேதிக்கு அஞ்சினோம், யாழ்ப்பாணத்தார் அதன் பெயரைக் ‘கோதாரி’ என வசைமொழியாகவே ஆக்கிவிட்டனர். பெரியம்மைக்கு அஞ்சி அதனைத் தாயென வழிபட்டோம். இன்புளுவென்சா எனப்படும் சளிச்சுரத்தை மட்டும் கொத்தமல்லிக் குடிநீரால் அடக்கிவிடலாமென்று இருந்தோம். மூச்சுவழிப் பரவும் காய்ச்சலை அவ்வாறு எளிதாக எண்ணலாகாதென்பதை 1918ஆம் ஆண்டு ஒருமுறையும், வேறொரு வைரசின் வாயிலாக 2020ஆம் ஆண்டு மறுமுறையும் இத்தீவுக்கு உணர்த்தின.

இக்கட்டுரைக்கு வித்தாக அமைந்தது ஒரு வினா. கொரோனாத் தடுப்பூசியின் மூன்றாம் முறை ஊசி ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் தாயார் பாடசாலை வாயிலில் என்னைக் கண்டு கேட்டார்: “ரெண்டு ஊசியும் ஒரே நாள்ல போட்டுட்டா ஒரு பேரு மட்டுந்தானே போகும், சேர்?” அவர் இறப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. கொழும்பிலே வேலைசெய்யும் மூத்த மகள், தன் வேலைத்தலத்தில் தடிமனுக்கும் ஓர் ஊசி போடுகின்றார்கள் என்று தொலைபேசியிற் கூறியிருந்தாள். தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்பது ஒருநாள் வேலைப்பதிவைக் குறிக்கும். பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை. 2021 மார்ச்சில் வர்த்தமானி வாயிலாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1000 ரூபா. ஊசிக்குப் போகும் நாள் ஒன்று; ஊசியால் உடம்பு நொந்து காய்ச்சல் கண்டாற் படுக்கும் நாள் மற்றொன்று. இரண்டு ஊசிகளை இரு வேறு நாட்களிற் போட்டுக்கொண்டால் நான்கு நாள் வரை போகலாம்.

அதே ஆண்டில் உலகின் மருத்துவ ஆராய்ச்சியாளரும் இதே வினாவைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவர்கள் உடல் எவ்வாறு தாங்கும் என்பதை நோக்கினர். அம்மையார் உடலையும் சம்பளத்தையும் ஒருங்கே நோக்கினார். அவர்தம் கணக்கு நமது வரலாற்றில் மிகப் பழைய கணக்கென்பது எனது துணிபு. தோட்டத் தமிழருக்குப் பல நோய்த்தடுப்பு முறைகளை ஓரிடத்தில் ஒருங்கே செய்துவிடுதல் புதிய செயலன்று. அவர்தம் முன்னோர் இலங்கை மண்ணை மிதிக்கும் முன்னரே அது செய்யப்பட்டது. யாருடைய வசதிக்காகச் செய்யப்பட்டது என்பதே ஆராயத்தக்கது.

பசுவம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறை இலங்கைக்கு வந்தது 1802ஆம் ஆண்டில். எட்வர்ட் ஜென்னர் தம் நூலை வெளியிட்டு நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. குப்பியிலடைத்த மருந்தாக அன்றி, ஒரு குழந்தையின் புயத்திலிருந்து மற்றொரு குழந்தையின் புயத்திற்கு மாற்றப்பட்டு, பக்தாதும் பசராவும் கடந்து பம்பாயை அடைந்த அம்மைப்பால் அங்கிருந்து இங்கு வந்தது. அக்காலத்து இலங்கையின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த தோமஸ் கிறிஸ்ரி இதனைப் பற்றி 1811ஆம் ஆண்டில் ஒரு நூலும் எழுதினார். ஆகவே, மலைநாட்டிற் கோப்பிப் பயிர் பெருகித் தென்னிந்தியத் தொழிலாளர் வரத் தொடங்கிய காலத்தில், அம்மை குத்துதல் இத்தீவில் நிலைபெற்ற வழக்கமாகிவிட்டது.

இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணியின் பின் கூட்டங் கூட்டமாக வந்தோர் மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டைக் கால்நடையாய்க் கடந்து மாத்தளையை அடைந்தனர். அவ்வழியில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மாண்டோர் பலர். தோட்டத்துரைமார்க்கு இவ்விறப்புகள் கூலியாள் இழப்பாகத் தோன்றின. ஊரவர்க்கும் அரசினர்க்குமோ, வருகின்றவர்கள் நோயைச் சுமந்து வருகின்றார்கள் என்ற அச்சமே மேலோங்கி நின்றது. இவ்விரு நோக்குகளும் சேர்ந்தே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சட்டங்களைப் பிறப்பித்தன. தோட்டங்களின் மருத்துவத் தேவை பற்றிய சட்டம் 1872ஆம் ஆண்டிலும், தொற்றுக்காப்பு, நோய்த்தடுப்புச் சட்டம் 1897ஆம் ஆண்டிலும் எழுந்தன. பின்னதைப் பழஞ்சட்டமென ஒதுக்கற்க. 2020ஆம் ஆண்டிலே முகக்கவசம் அணிவதையும் இடைவெளி பேணுவதையும் கட்டாயமாக்கிய ஒழுங்குவிதிகள் அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே பிறந்தன.

முதலில் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் இலங்கை அரசு தன் செலவிலும் ஆட்சியிலும் தொற்றுக்காப்பு முகாம்களை நடத்திற்று. இடம் இந்தியாவில், அதிகாரம் இலங்கையினது. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற்சேவை தொடங்கி, இருபுறத்துத் தொடர்வண்டிப் பாதைகளும் இணைந்தபின், மண்டபமே தோட்டத் தொழிலாளரின் தலைவாயிலாயிற்று. அங்கே அவர்கள் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர். குளிப்பாட்டப்பட்டனர்; துணிகள் நோய்நுண்ணுயிர் நீங்கச் சுத்தி செய்யப்பட்டன; அம்மை குத்தப்பட்டது; வாந்திபேதி காண்கின்றதா என நோக்கப்பட்டது; பிற்காலத்தில் கொழுக்கிப்புழு நீங்குவதற்கும் மருந்து புகட்டப்பட்டது. இவையாவும் ஒரே தங்கலுக்குள் முடிக்கப்பட்டன.

மண்டபத்தில் நடந்ததை வெறுங் கொடுமையென்று மட்டும் எழுதிவிடுவது எளிது. நம்மவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் பல அவ்வாறே எழுதுகின்றன. மனிதரைச் சரக்குப்போல் நிறுத்திச் சோதித்த இழிவு மறக்கத்தக்கதன்று. எனினும் அங்குக் குத்தப்பட்ட அம்மைப்பால், நெருங்கிய இலயக் காம்பராக்களில் வாழப்போகும் குழந்தைகளைப் பெரியம்மையினின்று காத்தது என்பதும் உண்மை. பல தடுப்புகளை ஒருங்கே செய்ததிற் பிழையில்லை. கப்பலேறும் அனுமதி அதனோடு பிணைக்கப்பட்டிருந்தமையும், எதற்காகக் குத்துகின்றோம் என்பதைச் சொல்லாமற் குத்தியமையுமே பிழை. 1939 ஓகத்து முதலாம் நாள் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தபின் அவ்வாயில் அடைபட்டது. பின்னர், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்டோரும், 1983ஆம் ஆண்டுக்குப் பின் அகதிகளானோரும் அதே மண்டபத்திலே தங்க நேர்ந்தது வரலாற்றின் விந்தை.

சப்ரகமுவவுக்கு வருவோர் மண்டபத்திலிருந்து தலைமன்னார், அனுராதபுரம் வழியாகப் பொல்காவலைச் சந்தியை அடைவர். கேகாலை மலைச்சரிவுகளுக்குச் செல்வோர் அதன் அயலிலுள்ள இறம்புக்கனையிலிருந்து பிரிவர். யட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, இரத்தினபுரிப் பக்கங்களுக்குச் செல்வோர் கொழும்பு சென்று, களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாதைத் தொடர்வண்டியில் ஏறுவர். அப்பாதை 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரியை எட்டியது. இம்மாகாணத்துத் தோட்டங்கள் நுவரெலியாத் தோட்டங்களைப்போல் தமிழரே நிறைந்த பெருந்தொடராக அமைந்தனவல்ல. சிங்களக் கிராமங்களுக்கிடையே தேயிலையும் இறப்பருமாகச் சிதறிக் கிடப்பன. அவற்றில் வாழும் தமிழர் எங்கும் சிறுபான்மையினர். நோய்த்தடுப்பு வரலாற்றில் இச்சிதறலுக்கு ஒரு பொருளுண்டு என்பது பின்னர்த் தெளிவாகும்.

1916ஆம் ஆண்டு ரொக்பெல்லர் நிறுவனத்தின் உலக சுகாதாரச் சபையார் இலங்கையிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். மாத்தளைத் தோட்டங்களே அவர்தம் முதற்களம். இம்முயற்சியின் வரலாற்றைச் சோம ஹேவா விரிவாக ஆராய்ந்துள்ளார். மருந்துண்டு பேதியானவன் அன்று மண்வெட்டி பிடிக்கவியலாது. எனவே வேலைநாள் இழப்பு அன்றும் ஒரு பேச்சாயிற்று. அப்பேச்சைப் பேசியவர் துரைமாராயினர். நாளை இழந்த தொழிலாளி என்ன எண்ணினான் என்பதற்கு ஏடுகளிற் சான்றில்லை.

இந்த ஏற்பாடுகள் அனைத்தையும் 1918ஆம் ஆண்டின் சளிச்சுரம் எள்ளி நகையாடிற்று. இலங்கையில் அதன் கொடும் அலைகள் 1918 ஒக்ரோபரிலும் 1919 மார்ச்சிலும் உச்சத்தை அடைந்தன. இறந்தோர் தொகை பற்றி ஆராய்ச்சியாளரிடையே பெருவேறுபாடு உண்டு. லாங்போர்ட், ஸ்ரோரி ஆகியோர் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், குடித்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு 1.1 பங்கினர் மாண்டனர் எனக் கணித்தனர். சித்தார்த் சந்திரா, டில்ஷானி சரத்சந்திர என்போர் 2014ஆம் ஆண்டில் வேறு முறையிற் கணித்து, குடித்தொகை இழப்பு 307,000, அதாவது நூற்றுக்கு 6.7 என்றனர். இவ்விரண்டிற்குமிடையே ஆறு மடங்கு வேற்றுமை. பதிவேடுகள் செவ்வையாயிருந்தன என்று நாம் பெருமை பேசும் ஒரு குடியேற்ற நாட்டில், நூறாண்டு சென்றபின்னும் இறந்தோரை எண்ணி முடிக்க இயலவில்லை. கொழும்புத் துறைமுகம் ஒன்றே வாயிலன்று. தலைமன்னாரும் நோய் புகுந்த வாயிலாயிருந்தது என்பதற்கான குறிகளும் பின்னைய ஆய்விற் காணப்படுகின்றன.

மண்டபத்து முகாம் ஏன் இதனைத் தடுக்கவில்லை? பெரியம்மைக்குக் குத்துவதற்கு மருந்திருந்தது. வாந்திபேதிக்குக் காத்திருந்து நோக்கும் முறையிருந்தது. சளிச்சுரத்திற்கு இரண்டும் பயன்படா. நோய் தொற்றி ஒன்று முதல் நான்கு நாட்களுள் வெளிப்படும். வெளிப்படுவதற்கு ஒருநாள் முன்னரே பிறருக்குப் பரவும். நெருக்கமான முகாமில் ஒருவனிடமிருந்து மற்றொருவன் தொற்றிக்கொண்டே இருப்பின், தடுத்துவைக்கும் நாட்களே பரப்பும் நாட்களாகிவிடும். பத்தடிக்குப் பன்னிரண்டடி இலயக் காம்பராவுக்கும் இஃது ஒக்கும். நோய்க்குக் காரணம் ஒரு வைரசு என்பதே 1933ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவப்பட்டது. தடுப்பூசி 1940களில் அமெரிக்கப் படையினர்க்கென ஆக்கப்பட்டது. அவ்வைரசு ஆண்டுதோறும் உருமாறுவதால் உலக சுகாதார நிறுவனம் 1952ஆம் ஆண்டு முதல் அதனை உலகெங்கும் கண்காணித்து, ஆண்டுக்கு இருமுறை ஊசியின் கூறுகளைப் பரிந்துரைத்து வருகின்றது. 1957, 1968 ஆகிய ஆண்டுகளின் உலகப் பரவல்களின் போதும் நமது தோட்டங்களுக்கு அவ்வூசி எட்டாப் பொருளாகவே இருந்தது.

கொரோனாக் காலம் வாசகர் யாவரும் கண்டது, விரிக்க வேண்டுவதில்லை. ஆயினும் கேகாலை மாவட்டத்து நிகழ்ச்சியொன்றைச் சொல்லாமற் போகவியலாது. 2020 டிசம்பரில், ஹெட்டிமுல்லைப் பகுதியில், காளிதேவி அருளிய மருந்தென்று கூறி ஒருவர் ஆக்கிய பாணியைப் பெறுவதற்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். படித்தவரும் பதவியிலிருந்தோரும் அவருள் அடங்குவர். இரத்தினபுரி மாவட்ட உறுப்பினரும் அந்நாளைய சுகாதார அமைச்சருமானவர் அப்பாணியை அருந்தியதும், 2021 சனவரியில் அவருக்கே நோய் கண்டதும் செய்தித்தாள்களில் வந்தன. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு அம்மை குத்துவதற்கு அஞ்சினார்கள் என்று தோட்டத்து மக்களை நெடுங்காலம் எள்ளியவர்கள் அவ்வரிசையைக் கண்டபின் சற்று அடங்கியிருக்கலாம். அச்சம் மிகுந்து மருந்து கிடையாதபோது யார்தான் பாணியை நாடார்?

மருந்து கிடைத்தது 2021 சனவரி 29ஆம் நாள். இந்தியா நன்கொடையாக அனுப்பிய 500,000 கோவிஷீல்ட் ஊசிகளுடன் பணி தொடங்கிற்று. பின்னர் இந்தியாவிலேயே நோய் பெருகி ஏற்றுமதி நின்றமையால், முதலூசி பெற்ற ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் இரண்டாம் ஊசிக்குக் காத்திருக்க நேர்ந்தது. யூலை இறுதியில் யப்பான் அனுப்பிய ஊசிகளே அவர்களது இடரைத் தீர்த்தன. மே மாதம் முதல் பெரும்பாலோர்க்கு ஏற்றப்பட்டது சீனத்துச் சைனோபார்ம். சப்ரகமுவத் தோட்டங்களில் ஊசி நாள் எனில் மலையிறங்கிப் பாடசாலைக்கோ சமூக மண்டபத்துக்கோ வந்து வரிசையில் நிற்கும் நாள். அறிவித்தலும் படிவமும் முதலிற் சிங்களத்தில் வரும். மலைத்தொடர் முழுதும் தமிழராயுள்ள நுவரெலியாவில் தமிழ் தெரிந்த குடும்பநல மாது ஒருவர் எப்படியும் அகப்படுவார். இங்கே ஐம்பது குடும்பங்களுள்ள பிரிவுக்கென ஒருவரைத் தேடுவது அரிது. முன்னர்க் கூறிய சிதறலின் பொருள் இதுவே. பல பிரிவுகளில் ஊசி பற்றிய விளக்கம் உயர்தரம் பயிலும் பிள்ளைகளின் வாயிலாகவே பெற்றோரை அடைந்தது.

இனி, இரண்டையும் ஒரே நாளில் ஏற்றலாமா என்னும் வினாவுக்கு வருவோம். மருத்துவர்க்கு இதில் இரு ஐயங்கள் உண்டு. ஒன்று, உடல் ஒரே வேளையில் இரு வேறு பகைக்கும் எதிராகச் செவ்வனே பிறபொருளெதிரிகளை ஆக்குமா என்பது. மற்றொன்று, ஏதேனும் தீங்கு நேரின் எந்த ஊசியால் நேர்ந்ததென எவ்வாறு அறிவது என்பது. புதிய ஊசி வந்த தொடக்கத்தில் அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தார், கொரோனா ஊசிக்கும் வேறெந்த ஊசிக்கும் இடையே 14 நாட்கள் விடுமாறு கூறியது பின்னைய ஐயத்தை முதன்மையாகக் கொண்டே. 2021 மே மாதத்தில் அவ்விதியை நீக்கினர்.

முன்னைய ஐயம் பழமையானது. உயிருள்ள வைரசாலான இரு தடுப்பூசிகளைச் சில நாள் முன்பின்னாகப் போட்டால் முதலாவது இரண்டாவதன் பயனைக் குறைக்கக்கூடும். ஆகவே அவற்றை ஒரே நாளில் ஏற்றுக, அன்றேல் நான்கு வாரம் விடுக என்பது விதி. ஒரே நாள் என்பதே சில வேளைகளில் நல்ல நாள் என்பது வியப்பாகத் தோன்றலாம். 1967ஆம் ஆண்டு தொடங்கி மேற்கு, நடு ஆபிரிக்காவின் இருபது நாடுகளிற் பெரியம்மைக்கும் சின்னமுத்துக்கும் ஒரே வேளையில் ஊசி ஏற்றினர். தொலைவிலுள்ள ஊருக்கு இருமுறை செல்லவியலாது என்பது அங்கே காரணமாயிற்று. ஊசிவழி ஏற்றும் சளிச்சுரத் தடுப்பு மருந்திலும் நாம் பெற்ற கொரோனாத் தடுப்பு மருந்துகளிலும் பெருகவல்ல உயிருள்ள நோய்வைரசு இல்லை. எனவே அவ்விதி இவற்றைத் தடுப்பதில்லை.

ஆயினும் விதியினின்று ஊகித்தல் வேறு, சோதித்து அறிதல் வேறு. பிரிஸ்டல் நகரத்து ஆராய்ச்சியாளர் தலைமையில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 12 நிலையங்களில் 679 பேரிடம் சோதனை நடந்தது. அதன் முடிபுகள் 2021 நவம்பரில் ‘லான்செற்’ இதழில் வெளிவந்தன. அஸ்ராசெனிக்கா அல்லது பைசர் ஊசியின் இரண்டாம் முறையைப் பெறவந்தவர்களில் ஒரு பகுதியினர்க்கு அதனுடன் சளிச்சுர ஊசியும், மறுபகுதியினர்க்கு வெறும் உப்புநீரும் மற்றக் கையில் ஏற்றப்பட்டன. மூன்று வாரத்தின்பின் அவை மாற்றி ஏற்றப்பட்டன. பிறபொருளெதிரிகள் ஆவதில் தளர்வு காணப்படவில்லை. உடல்நோவும் சோர்வும் பெரும்பாலும் மென்மையாகவோ நடுத்தரமாகவோ இருந்தன. அதற்கு முந்திய மாதமே உலக சுகாதார நிறுவனமும் ஒரே வேளையில் ஏற்றுதலுக்கு இசைந்திருந்தது. கோவிஷீல்ட், அஸ்ராசெனிக்கா ஊசியின் இந்தியப் பதிப்பே ஆதலின், நம்மவருட் பலருக்கு இச்சோதனை நேரே பொருந்துவது.

மறுபக்கத்தையும் கூறவேண்டும். அமெரிக்காவில் மூன்றாம் முறை ஊசியுடன் சளிச்சுர ஊசியையும் பெற்றோரிடையே, கொரோனா ஊசி மட்டும் பெற்றோரைவிடக் காய்ச்சல், சோர்வு போன்றன நூற்றுக்கு 8 முதல் 11 பங்கு மிகுதியாகக் காணப்பட்டன. 2023 சனவரியில், 65 வயதைக் கடந்தோரிடம் புதிய பைசர் ஊசியின் பின் பாரிசவாதம் மிகுமோ என்னும் ஐயம் அந்நாட்டில் எழுந்தது. இரண்டையும் ஒருங்கே பெற்றோர் பற்றியும் அப்போது வினவப்பட்டது. பின்னைய ஆய்வுகள் அதனைச் சீராக உறுதிசெய்யவில்லை. ஐயத்தை மறையாது வெளியிட்டு ஆராய்ந்தமையே அங்குக் குறிக்கத்தக்கது.

அத்தகைய நேர்மைக்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டுண்டு. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரலழற்சி பி, ஹிப் கிருமி நோய் ஆகிய ஐந்திற்கும் ஒரே ஊசியாக அமைந்த ஐங்கூட்டுத் தடுப்பூசி 2008 சனவரியில் இலங்கையில் அறிமுகமாயிற்று. சில குழந்தைகளின் இறப்பை அடுத்து அதே ஆண்டு ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. ஆராய்ந்து தெளிந்தபின் 2010ஆம் ஆண்டில் மீண்டும் வந்தது. இன்று தோட்டத்துத் தாய்மார் இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களிற் குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுசெல்லும்போது, தொடையில் ஐங்கூட்டு ஊசியும் வாயிற் போலியோச் சொட்டும் ஒரே வேளையில் ஏற்றப்படுகின்றன. இரு தடுப்பை ஒரு நாளிற் பெறுவது எப்படியென அவர்களுக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. குழந்தைகளுக்குச் செய்வதைத் தமக்கும் செய்யலாமா என்பதே அவர்தம் வினா.

ஏட்டிலில்லாத ஒரு நுணுக்கத்தையும் சொல்லவேண்டும். இரண்டு ஊசியை இரு கைகளில் ஏற்றுவது பொதுவழக்கு. எந்த ஊசியால் வீக்கம் வந்ததென அறிவதற்கு அது உதவும். மேசையிலிருந்து எழுதுவோர்க்கு அதனால் இடரில்லை. கொழுந்து பறிப்பவர்க்கு இரு கைகளும் வேண்டும். பால் வெட்டுவோர்க்கு வலக்கையிற் கத்தி. இரு புயமும் நோவதைவிட ஒரே புயத்தில் ஓர் அங்குலமேனும் இடைவிட்டு இரண்டையும் ஏற்றலாம் என்பதையும் மருத்துவ நெறி ஒப்புகின்றது. ஊசி ஏற்றுபவரிடம் இதைச் சொல்லிக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டென்பதைச் சொல்வார்தாம் இல்லை.

காலமும் கருதத்தக்கது. இலங்கையிற் சளிச்சுரம் ஆண்டுக்கு இருமுறை மிகும்: ஏப்ரல் முதல் யூன் வரை ஒன்று, நவம்பர் முதல் சனவரி வரை மற்றொன்று. முதலாவது காலம் சப்ரகமுவவில் தென்மேற்பருவக் காற்று இறங்கும் காலத்துடன் மோதுகின்றது. அப்போதே டெங்கு பெருகும். வயலிலும் மாணிக்கக் குழியிலும் இறங்குவோரை எலிக்காய்ச்சல் பற்றும். இரத்தினபுரி மாவட்டம் எலிக்காய்ச்சலுக்குப் பேர்போனது. 1934-35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளையைக் கண்ட கேகாலையில், முதியோர் காய்ச்சல் என்றாலே மலேரியாவென எண்ணிய காலமுண்டு. இன்று காய்ச்சல் எனின் எதுவென்று சொல்வதே அரிது. சளிச்சுரத்தையேனும் ஊசியால் விலக்கிவிட்டால் மற்றையவற்றைக் காலத்தில் இனங்காண்பது ஓரளவு எளிதாகும்.

மழை மிகுந்த நாளில் இறப்பர் வெட்டு நடைபெறுவதில்லை. மரத்தின் பட்டை நனைந்திருப்பின் பால் வழிந்து வீணாகும். அந்நாளில் ஊசி ஏற்றின் யாருக்கும் பேர் இழப்பில்லை. மழை சொல்லிவைத்து வருவதில்லை என்று பணிமனையார் கூறுவர். ஊசியைத் தோட்டத்து மருந்தகத்திலேயே குளிரூட்டியில் வைத்து, மழை நாளை நோக்கியிருப்பின் என்ன? தோட்டத்தில் மருந்தகமும் உண்டு, பிள்ளைக் காம்பராவும் உண்டு. துரைமார் வகுத்த இவ்வமைப்புகளை நோய்த்தடுப்பில் இன்னும் முழுமையாகப் பயன்கொள்ளவில்லை என்பது என் கருத்து.

இவையாவும் அவ்வூசி இருந்தால் என்ற நிலையிற் கூறியன. சளிச்சுரத் தடுப்பூசி நமது தேசிய நிர்ப்பீடனத் திட்டத்தில் இடம்பெறவில்லை. கொழும்பிலும் பெருநகரங்களிலும் தனியார் மருத்துவமனைகளில் விலைக்குக் கிடைக்கும். சில நிறுவனங்கள் தம் ஊழியர்க்கு வாங்கிக் கொடுக்கின்றன. மண்டபத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன், வேண்டாமென்று சொல்லவியலாதபடி தடுப்புகள் குவிக்கப்பட்டன. இன்று அதே மக்களின் பேர்த்தியர் வேண்டுமென்று கேட்டும், இரண்டில் ஒன்று அவர்தம் மலைக்கு ஏறவில்லை. ஒருங்கே ஏற்றலாமா என்று உலகம் ஆராய்ந்து முடித்த வினா, இங்கே இரண்டாவது ஊசியைக் காணாமலே நிற்கின்றது.

அன்று பாடசாலை வாயிலில் அவ்வம்மையாருக்கு நான் உடனே விடைகூறவில்லை, அறியேன் என்றேன். பின்னர்ப் படித்தறிந்து, ஒரே நாளிற் போடலாம், ஒரே கையிலும் போடலாம் என்று மகளிடம் சொல்லியனுப்பினேன். அவர் கொரோனாத் தடுப்பூசியை மும்முறை பெற்றார். மூன்று நாட்பேரை இழந்தார். சளிச்சுர ஊசி அவருடைய தோட்டத்து மருந்தகத்துக்கு இன்னும் வரவில்லை.